ஓர் உயிரணுவுக்குள் ஒரு வாழ்நாள்: மரபியல் அறிஞர் டிரேசி சோனபோர்ன்

நான்காம் படிவத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் பரமீசியம் புதிய பெயரல்ல. செருப்பின் அடிப்பாகம் போன்ற உருவம், உடலெங்கும் மெல்லிய இழைகள், உள்ளே ஒரு பெரிய உட்கரு, அருகே சிறிய உட்கரு. படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண் கிடைக்கும். தேர்வு முடிந்ததும் பெரும்பாலோர் அதை மறந்துவிடுவோம்.

அந்தச் சிற்றுயிரை 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணெடுக்காமல் பார்த்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவது மரபணு மட்டும்தானா என்ற கேள்வியை அவர் அதனிடம்தான் கேட்டார். அவர் பெயர் டிரேசி சோனபோர்ன். அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பதில் தவறாகிப் போனது. ஆனால் அவருடைய கேள்வி தவறாகவில்லை. அது சரியான கேள்விதான் என்பதற்கான விளக்கம், அவர் மறைந்து 33 ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது.

பால்டிமோர் இளைஞர்

1905 அக்டோபர் 19ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் சோனபோர்ன் பிறந்தார். இளம் வயதில் அவருடைய மனம் சமயத்தின் பக்கமும் இலக்கியத்தின் பக்கமும் சாய்ந்திருந்தது. அதே நகரில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, அறிமுக உயிரியல் பாடம் அவரை வேறு பாதைக்கு இழுத்தது. 1925இல் இளங்கலைப் பட்டமும், 1928இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அவருடைய வழிகாட்டி ஹெர்பர்ட் ஜென்னிங்ஸ். ஓரணு உயிர்களின் நடத்தையையும் மரபையும் ஆராய்ந்தவர்களில் அக்காலத்தில் முன்னணியில் இருந்தவர். சோனபோர்ன் முதலில் ஒரு சிறிய தட்டைப்புழுவை ஆராய்ந்தார். பின்னர் ஓரணு உயிர்களிடம் வந்தார். வந்தவர் திரும்பவேயில்லை.

1929இல் ரூத் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்து வந்தது பெரும் பொருளியல் வீழ்ச்சி. பல்கலைக்கழக வேலைகள் அரிதாகிவிட்ட காலம் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூதர்களுக்குக் கதவுகள் எளிதில் திறக்காத காலமும்கூட. முனைவர் பட்டம் பெற்ற பின்னும் பத்தாண்டு காலம் ஜான்ஸ் ஹாப்கின்சிலேயே ஆய்வுப் பணியாளராக இருந்து உழைத்தார்.

ஒரு கேள்வியும் ஒரு தடையும்

அந்நாளில் மரபியல் என்றால் பழ ஈயும் சோளமும்தான். ஆணையும் பெண்ணையும் கலந்து, பிறக்கும் குஞ்சுகளை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். பரமீசியத்தில் அதைச் செய்ய முடியவில்லை. அது பெரும்பாலும் இரண்டாகப் பிளந்தே பெருகும். சில வேளைகளில் இரண்டு உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டு உட்கருக்களைப் பரிமாறிக்கொள்ளும். ஆனால் எது எதனுடன் எப்போது சேரும் என்று எவருக்கும் தெரியாது. விரும்பியபடி கலப்புச் செய்ய முடியாவிட்டால் மரபியலும் இல்லை.

1937இல் சோனபோர்ன் அந்தத் தடையை உடைத்தார். வெவ்வேறு கால்வழிகளைச் சேர்ந்த பரமீசியங்களை ஒரே துளி நீரில் கலந்து பார்த்தார். சில சோடிகளில் ஒன்றுமே நடக்கவில்லை. வேறு சிலவற்றைக் கலந்த உடனேயே உயிரணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. பரமீசியத்திலும் ஆண், பெண் போன்று இரண்டு சேர்க்கை வகைகள் உண்டு என்பது தெளிவானது. ஒரே வகையைச் சேர்ந்தவை தமக்குள் சேர்வதில்லை.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பரமீசியம் அவுரேலியா என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்ட உயிர் உண்மையில் ஒன்றல்ல, பல. உருவத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துடன் கலப்பதில்லை. சேர்க்கை வகைகளுக்கு வரிசையாக எண் கொடுத்தார் சோனபோர்ன். முதல் கூட்டத்தில் 1, 2. நான்காம் கூட்டத்தில் 7, 8. இப்படி ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் ஒற்றைப்படை எண்ணும் ஓர் இரட்டைப்படை எண்ணும் அமைந்தன.

1939இல் இந்தியானா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. புளூமிங்டன் என்ற சிறிய ஊரில் இருந்த அப்பல்கலைக்கழகம் விரைவிலேயே மரபியலின் தலைநகரங்களில் ஒன்றானது. பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற சல்வடோர் லூரியா அங்கே பணியாற்றினார். 1946இல் நோபெல் பரிசு பெற்ற ஹெர்மன் முல்லரும் அதற்கு முந்திய ஆண்டு அங்கே வந்து சேர்ந்தார். டிஎன்ஏயின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் அங்கே ஆய்வு மாணவராக இருந்தபோது சோனபோர்னின் வகுப்புகளிலும் அமர்ந்திருக்கிறார்.

கொல்லும் பரமீசியம்

சோனபோர்னின் ஆய்வுக்கூடத்தில் விலையுயர்ந்த கருவிகள் அதிகம் இல்லை. உலர்த்திய லெட்டூஸ் கீரையைக் கொதிக்கவைத்த நீர், அதில் வளரும் பாக்டீரியா, அதைத் தின்று வளரும் பரமீசியம். ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்துத் தனித் துளியில் விடவேண்டும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே தேறும் உயிர் அது. அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாள்தோறும் தொடர்ந்து கணக்கு வைக்கவேண்டும். பொறுமை இல்லாதவருக்கு அந்த வேலை ஒத்துவராது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விந்தை கண்ணில் பட்டது. சில பரமீசியங்கள் வாழ்ந்த நீரில் வேறு சில பரமீசியங்களை விட்டால் அவை செத்துப்போயின. கொல்லும் தன்மை பிள்ளைகளுக்கும் போயிற்று. அப்படியானால் அது மரபுப் பண்பு. ஆனால் எந்த வழியாகப் போகிறது?

கலப்புச் செய்து பார்த்த சோனபோர்ன், 1943இல் விடையை வெளியிட்டார். உட்கருவில் ஒரு குறிப்பிட்ட மரபணு வேண்டும். அது மட்டும் இருந்தால் போதாது. உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்திலும் ஒரு பொருள் இருக்கவேண்டும். அதற்குக் கப்பா என்று பெயரிட்டார். மரபணு இருந்தும் கப்பா இல்லாவிட்டால் கொல்லும் ஆற்றல் வராது. ஒருமுறை கப்பா அழிந்துவிட்டால் மரபணுவால் அதைத் திரும்ப உண்டாக்கவும் முடியாது.

அக்கால மரபியலாளர்களில் பெரும்பாலோர் உட்கருவையே எல்லாம் என்று நம்பினர். சைட்டோபிளாசத்துக்கு மரபில் பங்கில்லை என்பது எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை ஒரு சொட்டு நீரில் இருந்த உயிர் கேள்வி கேட்டது. கப்பாவும் ஒருவகை மரபணுதான், உட்கருவுக்கு வெளியே வாழும் மரபணு என்று சோனபோர்ன் கருதினார். விலங்குகள், தாவரங்கள் உள்ளிட்ட எல்லா உயிர்களிலும் இத்தகைய சைட்டோபிளாச மரபணுக்கள் இருக்கலாம் என்ற எண்ணம் வளர்ந்தது. ஒரே கருவிலிருந்து தோன்றும் தோல் உயிரணுவும் நரம்பு உயிரணுவும் ஏன் வேறுபடுகின்றன என்ற பழைய புதிருக்குக்கூட இது விடையாகலாம் என்று தோன்றியது. அவர் புகழ் பரவியது. 1946இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

சரிந்த கோட்டை

அந்தக் கோட்டையைச் சரித்தது அவருடைய ஆய்வுக்கூடமே.

ஜான் பிரியர் என்ற மாணவர் கப்பாவை எண்ணத் தொடங்கினார். பரமீசியத்தை மிக வேகமாகப் பெருகவிட்டால், கப்பா ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கித் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து மறைந்துபோவதைக் கண்டார். கணக்குப் போட்டபோது ஓர் உயிரணுவில் உள்ள கப்பாக்களின் எண்ணிக்கையும் அவற்றின் அளவும் புலப்பட்டன. சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கக்கூடிய அளவு அது! சாயமிட்டுப் பார்த்தால் சின்னஞ்சிறு குச்சிகள் போன்ற உருவங்கள் தெரிந்தன. தனக்கென்று டிஎன்ஏ உடையவை அவை. ஒரு மரபணு அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது.

கப்பா என்பது பரமீசியத்துக்குள் குடியிருக்கும் பாக்டீரியா என்பது மெல்ல மெல்ல உறுதியானது. 1974இல் அதற்கு முறையான பாக்டீரியப் பெயரும் சூட்டப்பட்டது.

பல ஆண்டு உழைப்பில் எழுப்பிய கொள்கை இப்படி ஆனால் ஒருவர் என்ன செய்வார்? தரவுகளை மறுக்கலாம், மாணவரை ஒதுக்கலாம். சோனபோர்ன் இரண்டையும் செய்யவில்லை. பிரியரின் முடிவுகள் அவர் கூடத்திலிருந்தே வெளிவந்தன. 1950 வாக்கில் சைட்டோபிளாச மரபணுக் கொள்கையை அவரே கைவிட்டார்.

அந்த விவாதம் வீணும் போகவில்லை. உட்கருவுக்கு வெளியே மரபுவழி தொடரும் எல்லாப் பொருள்களையும் குறிக்க ஒரு பொதுச்சொல் தேவைப்பட்டது. 1952இல் ஜோஷுவா லெடர்பர்க் பிளாஸ்மிட் என்ற சொல்லை உருவாக்கினார். பாக்டீரியாவில் உள்ள சிறு டிஎன்ஏ வளையங்களை இன்று அச்சொல் குறிக்கிறது. மனித இன்சுலின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுசேர்த்ததும் பிளாஸ்மிட்தான். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தப் பழைய வாதத்துக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு.

அரசியல் நெருக்கடி

அறிவியல் சிக்கலோடு அரசியலும் சேர்ந்துகொண்டது. சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ என்பவர் மரபணுக் கொள்கையையே பொய் என்று கூறி ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார். எதிர்த்த அறிவியலாளர்கள் வேலையிழந்தனர். உலகப் புகழ்பெற்ற தாவரவியலாளர் நிக்கலாய் வவிலோவ் 1943இல் சிறையிலேயே இறந்தார். 1948இல் மரபணு மரபியல் அங்கே அதிகாரபூர்வமாகத் தடைசெய்யப்பட்டது.

உட்கரு மட்டுமே எல்லாம் இல்லை, சூழலும் மரபுப் பண்புகளை மாற்றலாம் என்று காட்டிய சோனபோர்னின் ஆய்வுகள் லைசென்கோ தரப்புக்கு வசதியாகத் தெரிந்தன. அமெரிக்காவிலோ அது கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்த காலம். ஒரு பக்கம் தேவையற்ற பாராட்டு, மறு பக்கம் சந்தேகப் பார்வை. நடுவில் நின்ற அவர் 1950இல் மரபு, சூழல், அரசியல் மூன்றையும் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தம் ஆய்வு லைசென்கோவுக்குத் துணை நிற்கவில்லை என்பதைத் தெளிவாக்கினார். அதே வேளையில், அரசியல் அச்சத்தால் தம் கேள்வியை விட்டுவிடவும் இல்லை.

மரபணு ஒன்று, உருவம் இரண்டு

கப்பா பாக்டீரியாவாகிப் போனாலும் பரமீசியத்தின் மற்றப் புதிர்கள் அப்படியே நின்றன.

முதல் புதிர் மேற்பரப்புப் புரதம். ஒரே மரபணுக்களை உடைய பரமீசியங்களில் ஒரு கால்வழி ஒருவகைப் புரத உறையை அணிந்திருக்கும். மற்றது வேறு வகையை அணிந்திருக்கும். பல உறைகளுக்கான மரபணுக்கள் எல்லா உயிரணுக்களிலும் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும், மற்றவை உறங்கும். வெப்பநிலையை மாற்றினால் உறை மாறும். மாறிய உறை, பழைய வெப்பநிலைக்குத் திரும்பிய பின்னும் பல தலைமுறைகளுக்குத் தொடரக்கூடும். 1948இல் பாரிசில் நடந்த மாநாட்டில் மேக்ஸ் டெல்புருக் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இரண்டு செயல்பாடுகள் ஒன்றையொன்று தடுத்தால், முதலில் முந்திக்கொண்ட ஒன்றே நிலைத்துவிடும் என்றார். மரபணு மாறாமலேயே மரபு மாறலாம் என்பதற்கு அது ஒரு தொடக்க விளக்கம். சோனபோர்னின் மாணவர் டேவிட் நானி 1958இல் இத்தகைய கட்டுப்பாட்டு முறைகளுக்கு எபிஜெனடிக் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் இப்போது மேல்மரபியல் என்கிறோம்.

இரண்டாவது புதிர் உடலின் வடிவம். பரமீசியத்தின் மேல் உள்ள குறு இழைகள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே திசை நோக்கி அமைந்திருக்கும். சோனபோர்னும் பிரான்சைச் சேர்ந்த ஜனீன் பைசோனும் சில வரிசைகள் தலைகீழாகத் திரும்பிய பரமீசியங்களை வளர்த்தனர். அந்தத் தலைகீழ் வரிசைகள் பிள்ளைகளுக்கும் போயின. நூற்றுக்கணக்கான தலைமுறைகள் கடந்தும் மாறவில்லை. மரபணுக்களில் வேறுபாடு இல்லை, சைட்டோபிளாசத்திலும் இல்லை. பழைய அமைப்பே புதிய அமைப்புக்கு வழிகாட்டியாக இருந்தது. 1965இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் உயிரியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

மூன்றாவது புதிர் 1937இல் அவரே கண்டுபிடித்த சேர்க்கை வகை. நான்காம் கூட்டத்தில் 7ஆம் வகையும் 8ஆம் வகையும் சேர்ந்து பிரிந்த பிறகு, இரண்டிலும் உள்ள மரபணுக்கள் ஒன்றாகிவிடும். ஆனாலும் 7இன் வழிவந்தவை 7ஆகவும், 8இன் வழிவந்தவை 8ஆகவும் நீடித்தன. இரண்டுக்கும் இடையே சைட்டோபிளாசம் பெருமளவில் பாய்ந்துவிட்டால் மட்டும் 7இன் பிள்ளைகளும் 8ஆக மாறின. பழைய பெரிய உட்கரு ஏதோ ஒரு செய்தியைச் சைட்டோபிளாசம் வழியாகப் புதிய உட்கருவுக்கு அனுப்புகிறது என்பது வரை சோனபோர்ன் போய்விட்டார். அந்தச் செய்தி எது? அதைக் காணும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை.

ஒப்புநோக்கும் ஏடு

சோனபோர்ன் 1981 ஜனவரி 26ஆம் நாள் புளூமிங்டனில் காலமானார். எழுபது வயதை நெருங்கிய பின்னும் உழைத்து, பரமீசியம் அவுரேலியா கூட்டங்களில் 14க்கு 1975இல் தனித்தனி இனப்பெயர் சூட்டியிருந்தார். 1983இல் புதிதாக அடையாளம் காணப்பட்ட இன்னோர் இனத்துக்கு அவருடைய பெயரையே வைத்தனர்.

2006இல் நான்காம் கூட்டப் பரமீசியத்தின் மரபுத்தொகுதி முழுதும் வாசிக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 40,000 மரபணுக்கள் இருந்தன. மனிதனிடம் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் 20,000 அளவில்தான் உள்ளன.

பரமீசியத்தின் சிறிய உட்கரு விதைநெல் போன்றது. அடுத்த தலைமுறைக்காகப் பத்திரமாக இருக்கும், அன்றாட வேலை செய்யாது. பெரிய உட்கருதான் உயிரணுவை நடத்துகிறது. ஒவ்வொரு பாலினச் சேர்க்கைக்குப் பின்னும் பழைய பெரிய உட்கரு சிதைந்து, சிறியதிலிருந்து புதிய பெரிய உட்கரு உருவாகும். அப்போது டிஎன்ஏயில் சுமார் 45,000 இடங்களில் தேவையற்ற துண்டுகள் வெட்டி நீக்கப்படுகின்றன.

எதை வெட்டவேண்டும் என்று எப்படித் தெரிகிறது? தமிழ் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பழைய ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் கையில் உள்ள படியை மூத்த படியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். மூத்த படியில் இல்லாத அடி புதியதில் இருந்தால் அதை இடைச்செருகல் என்று நீக்குவார். பரமீசியமும் ஏறத்தாழ அதைத்தான் செய்கிறது. சிறிய உட்கருவிலிருந்து குட்டி ஆர்என்ஏக்கள் புறப்பட்டு, பழைய பெரிய உட்கருவில் உள்ளதோடு ஒப்பிடப்படுகின்றன. அங்கே இணை கிடைக்காதவை புதிய உட்கருவுக்குப் போய், தமக்குரிய துண்டை வெட்டச் சொல்கின்றன.

2014இல் பாரிசைச் சேர்ந்த எரிக் மேயர் குழுவினர் சேர்க்கை வகையின் புதிரை இதே வழியில் அவிழ்த்தனர். 8ஆம் வகைக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு இயங்கவேண்டும். 7ஆம் வகையில் அந்த மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதி வெட்டப்பட்டுவிடுகிறது. தாயின் பெரிய உட்கருவில் அப்பகுதி இல்லாததால், பிள்ளையிலும் அது இடைச்செருகலாகக் கருதப்பட்டு மீண்டும் வெட்டப்படுகிறது. சிறிய உட்கருவில் மட்டும் அந்தப் பகுதி எப்போதும் பத்திரமாக இருக்கிறது. சோனபோர்ன் தேடிய செய்தி அந்தக் குட்டி ஆர்என்ஏக்களே.

சேர்க்கை வகைகளை அவர் முதலில் கண்ட 1937இலிருந்து இந்த விளக்கம் வர 77 ஆண்டுகள் ஆயின. இடையில் அவர் கொண்டிருந்த கொள்கை ஒன்று வீழ்ந்தது, அரசியல் குறுக்கிட்டது, நோபெல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவர் எழுதிவைத்த கலப்புக் கணக்குகள் பிழையின்றி இருந்தன. பாரிஸ் குழுவினர் விளக்கவேண்டியிருந்தது அந்தக் கணக்குகளைத்தான். அவை சரியாக இருந்ததால்தான் விளக்கம் என்று ஒன்று சாத்தியமாயிற்று.

உயிரியல் வகுப்பில் பரமீசியத்தைப் பார்க்கும் நம் மாணவர்களுக்குச் சொல்ல இதில் ஒரு செய்தி உண்டு. பாடநூலில் அந்த இரண்டு உட்கருக்களுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவது அரை நிமிட வேலை. அவற்றுக்கிடையே நடக்கும் உரையாடலைக் கேட்க மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் தேவைப்பட்டனர். அதை முதலில் காது கொடுத்துக் கேட்டவர் பால்டிமோரில் பிறந்த டிரேசி சோனபோர்ன்.